முதலாளியின் ஏழு கண்ணாடிகள்

சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதீர்கள், ஐயா. கீறல் விழும். தண்ணீரில் அலசிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பதினொரு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், ஒருத்தரும் கேட்பதாக இல்லை.

நான் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கீழே கடை, மாடியில் பட்டறை. லென்ஸை அளவாகத் தேய்த்துப் பிரேமில் பொருத்துவது என் பொறுப்பு. முதலாளி கீழே வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அவரை டாக்டர் என்பார்கள். அவரும் இல்லை என்று சொன்னதில்லை. கடை மாமனார் கொடுத்தது, கோட்டு மட்டும்தான் அவர் வாங்கியது.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் பட்டறையிலிருந்த நாற்காலியை எடுத்துப்போய் வாசல் பக்கம் போட்டார். "உக்காந்தா கை மந்தமாயிடும்" என்றார். அன்று முதல் நின்றுகொண்டே தேய்த்தேன். கழிப்பறைச் சாவி அவருடைய கோட்டுப் பையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிக் கேட்க வேண்டும். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "மறுபடியுமா? காலையிலதானே போன?" என்பார். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஆறாவது வருஷம் சிறுநீரகத்தில் கல் வந்தது. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன். தண்ணீர் குடிக்காதது நான்தானே.

இதெல்லாம் பழகிப்போனது. பழகாதது அந்த அறிவிப்பு.

ஒரு பெரியவருக்கு அளவெடுக்கும்போது முதலாளி வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் எண்களை மாற்றி எழுதிவிட்டார். அவர் எழுதியபடி நான் பொருத்தினேன். பெரியவர் வந்து சத்தம் போட்டார். மறுநாள் காலை கண் பரிசோதனைப் பலகைக்குப் பக்கத்தில் என் போட்டோ ஒட்டியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், "தவறுக்குப் பொறுப்பு: இவர். கடை அல்ல."

சரி, நாலு நாளில் கிழித்துவிடுவார் என்றிருந்தேன். மூன்றாவது வாரம் என் மகளைக் கூட்டி வந்தேன். எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்றாள். அவளை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "என்ன தெரியுதோ படி" என்றார் முதலாளி. குழந்தை பலகையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "அம்மா, உன் போட்டோ ஏம்மா இங்க இருக்கு?" என்றாள்.

முதலாளி சிரித்தார். "பரவால்லியே, தூரத்துப் பார்வை நல்லாத்தான் இருக்கு."

அன்று மத்தியானம்தான் ஆரம்பித்தேன்.

முதலாளியிடம் ஏழு பிரேம்கள். கிழமைக்கு ஒன்று. கடைக்கு அதுதான் விளம்பரம் என்பார். சாப்பிட்டதும் பரிசோதனை அறையில் அரை மணி நேரம் கண்ணயர்வார். அப்போது அன்றைய கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுப்பார், துடைத்து வைக்க. அவர் கண்ணுக்குச் சிலிண்டர் பவர். அந்த வகை லென்ஸைப் பிரேமில் எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பத்து டிகிரி திருப்பி வைத்தால் உலகம் தெரியும், ஆனால் கொஞ்சம் கோணலாகத் தெரியும். நான் புது லென்ஸ் வெட்டிச் செவ்வாய்க்கிழமைக் கண்ணாடியில் மட்டும் மாட்டினேன். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். திருட்டுப் புத்தி கிடையாது எனக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைப் பெயர்ப்பலகை சாய்ந்திருக்கிறது என்று தச்சரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை தச்சர் ஏணியிலேயே நின்றுகொண்டு, "ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சு சார். பலகை நேராத்தான் இருக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க வேணும்னா கொஞ்சம் நேரா நின்னு பாருங்க" என்றும் சொல்லிவிட்டார். மாடியில் நான் எந்திரத்தை ஓடவிட்டுச் சிரித்தேன். அந்தக் கடையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வியாழன். பிறகு சனி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. மூன்று மாதத்தில் ஏழும் என் கைக்கு வந்துவிட்டன; பெட்டியில் வைத்துக் கிழமைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பானது. கோணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், பவரையும் ஏற்றினேன். ஒரு நாள் விளம்பரத்துக்காக வாசலில் நிறுத்தியிருந்த அட்டைப் பெண்ணிடம், "உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று உபசரித்தார். அவள் வராததால் கோபித்துக்கொண்டார்.

அவருடைய மனைவி நல்ல மாதிரி. பயந்துபோய்க் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். போகும் நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு மாட்டிப்போன கண்ணாடியில் பழைய லென்ஸைத் திருப்பி வைத்துவிட்டேன். கண்ணில் கோளாறே இல்லை என்றார் மருத்துவர். அதன்பிறகுதான் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணுல இல்லன்னா மண்டையிலதான் ஏதோ ஆயிடுச்சும்மா. நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்று அழுதார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தும் கொண்டேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஐயா, அந்த மனிதர் எவ்வளவு மாறிவிட்டார். சாவித்துவாரம் பிடிபடாமல் கழிப்பறைச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். குரல் தணிந்தது. ஒரு நாள் சுவரைத் தடவியபடி, "இது என்னம்மா காகிதம்?" என்றார். என் போட்டோவும் எழுத்தும். "பழைய அறிவிப்பு சார்" என்றேன். "கிழிச்சுப் போடும்மா, அசிங்கமா இருக்கு" என்றார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்றுகூட விசாரித்தார். அவள் பிறந்து இத்தனை வருஷத்தில் அவளுக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டது அன்றுதான்.

பழைய லென்ஸ்களைத் திருப்பி மாட்ட யோசிக்காமல் இல்லை. ஒரு கண்ணாடிக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஆனால் பார்வை திரும்பினால் பழைய ஆளும் திரும்பிவிடுவாரே. திருந்திய ஒருவரை மறுபடி கெடுப்பது பாவமில்லையா?

அப்படியே ஓடியிருக்கும். போன வெள்ளிக்கிழமை அவர் தட்டுத்தடுமாறி மாடிக்கு வந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"ஏம்மா, என் மச்சான் ஒரு யோசனை சொன்னான். கண்ணுல கோளாறு இல்லன்னா கண்ணாடியத்தானே பாக்கணும்? சாயங்காலம் வண்டியோட வர்றான். ஏழையும் பெட்டியில எடுத்து வை. வேற கடையில அளந்து பாக்கலாம்."

"நல்ல யோசனை சார்" என்றேன்.

அவர் கீழே போய்க் கண்ணயர்வதற்குள் ஆறு கண்ணாடிகளைச் சரிசெய்துவிட்டேன். ஏழாவது அவர் மூக்கில் இருந்தது. "குடுங்க சார், துடைச்சுத் தரேன்" என்று கேட்டேன். "வேணாம்மா, இது இல்லாட்டி ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது" என்று அதை மாட்டிக்கொண்டே படுத்துவிட்டார்.

சாயங்காலம் பெட்டியை வாங்க மறுபடி மேலே வந்தார். நான்தான் முன்னால் இறங்கினேன். என் தோளில் கை. கொஞ்ச நாளாக அப்படித்தான் இறங்குவார்.

அவருடைய இடுப்பெலும்பு முறிந்ததற்கு உங்கள் மேசையில் இருக்கும் அந்த லென்ஸ்தான் காரணம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அளந்து பார்த்தவர் கெட்டிக்காரர், கோணம் மாறியிருப்பது உண்மைதான். ஆனால் விழுந்ததற்கு அதைக் காரணம் சொல்லாதீர்கள். ஒழுங்காக வெட்டிய லென்ஸ் அது. படி விஷயத்தில் அவர் கண்ணை நம்புவதை விட்டு ரொம்ப நாளாகிறது. என்னைத்தான் கேட்பார். அன்றைக்கும் கேட்டார்.

"படி முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார். இனி தரைதான், தாராளமா நடங்க" என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன்.

இன்னும் நாலு படி இருந்தது. மொத்தம் பதினேழு. மேலே நின்றபோதே "முடிஞ்சுது" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை, ஐயா, நான்.