கொஞ்சம் தூரமான வீடு

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் உள்ளூர்க்காரி. இளையவள் பேச்சில் தெற்குச் சீமை. துப்பட்டாவால் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றியிருந்தாள்.

“வூட்ட காலி பண்ணணும்னு சொன்னியே, வடக்குப்பட்டுல ஒண்ணு கீது. பஸ்ல பத்தே நிமிஷம். பாக்குறியா?”

“வேண்டாங்க்கா. பஸ்ஸுல ஒரு மணி நேரமாச்சும் ஆகுற மாதிரி பாருங்க.”

“இன்னாடி இது? ஊரே கிட்டக்க வோணும்னு அலையுது, நீ தூரமா கேக்குற?”

எனக்கும் சிரிப்பு வந்தது. இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள்.

“பாப்பா எறந்ததுலருந்து பஸ்ஸுலதாங்க்கா அழுதுட்டு வாரேன். கம்பெனி லைன்ல வேலை ஓடுறப்ப கண்ணத் தொடைக்கக்கூட கைய எடுக்க முடியல. வீட்டுல அழுதா எங்க வீட்டுக்காரவுக தாங்க மாட்டாக. இங்கன்னா தூசிக்கு மூடியிருக்கேன்னு நெனைப்பாங்க. பத்து நிமிஷம் பத்தாதுக்கா.”

மூத்தவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் படப்பையைத் தாண்டியது.

“மணிமங்கலத்துல ஒரு வூடு கீது. ஊர் ஊரா நின்னு ஆள எறக்கிக்கினு போறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடும். ஆனா உன் வூட்டுக்காரரு ஒத்துக்குவாரா? ஸ்ரீபெரும்புதூர்ல கீற அவரு கம்பெனிக்கும் தூரமாச்சே.”

“அவுகளும் கம்பெனி பஸ்ஸுலதாங்க்கா போறாக. தூரமாப் பாருன்னு மொதல்ல சொன்னதே அவுகதான்.”

“ஏனாம்?”

“நான் கேக்கல.”