ஒட்ட வெட்டுங்க, அக்கா

செர்வா: ...விளையாடாத கொனாடு. வழக்கம்போல வேர்ல முடி நேராக்குற க்ரீம் வச்சு நீவி விடுறேன், படிஞ்சிடும். புது டப்பா பாரு, மூடியில இன்னும் புள்ளிகூட வைக்கல.

கொனாடு: அது எதுக்குக்கா, புள்ளி?

செர்வா: பக்கத்துக் கடைக்காரிங்க எடுத்துட்டுப் போயிடுறாளுங்க. சிவப்பு நகப்பூச்சுல ஒரு பொட்டு வச்சிட்டா என்னுதுன்னு தெரியும்ல.

கொனாடு: ம்... தெரியும். மூடி வையுங்க, க்ரீம் வேணாம். நேரா இருக்கிற முடி அத்தனையும் வெட்டிடுங்க.

செர்வா: அத்தனையுமா? தோள் வரைக்கும் இருக்குடி.

கொனாடு: இருக்கட்டும்.

செர்வா: வெட்டினா ரெண்டு விரல் அளவுதான் மிஞ்சும். நம்ம குமாசியில பொம்பள முடிய ஒட்ட வெட்டினா சனம் என்ன நினைக்கும்?

கொனாடு: வீட்ல சாவுன்னு நினைக்கும்.

செர்வா: உங்கம்மா நல்லாத்தான இருக்காங்க?

கொனாடு: காலையிலகூட போன்ல அரை மணி நேரம் திட்டினாங்க. தெம்பாத்தான் இருக்காங்க.

செர்வா: அந்த மனுஷிகிட்டயே துக்கம் கேக்கப் போவாங்க. அப்புறம் அவங்க நேரா இங்க வந்து என் தலைய எடுப்பாங்க.

கொனாடு: அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.

செர்வா: வீட்டுக்காரர்?

கொனாடு: தலை என்னோடது.

செர்வா: சரி... வாக்யே சோறு வாங்கிட்டு வரச் சொல்றேன். சாப்பிட்டுட்டு யோசி. வயிறு நிறைஞ்சா...

கொனாடு: சாப்பிட்டுட்டு, யோசிச்சிட்டுத்தான் வந்தேன்.

செர்வா: பிடிவாதக்காரி. குனி, வேரப் பாக்குறேன்... அடடா. நல்லா வளர்ந்திருக்கே. எப்ப கடைசியா க்ரீம் போட்ட?

கொனாடு: மூணு மாசம் ஆச்சு.

செர்வா: இழுத்தா அரை விரல் நீளம் வருது, விட்டா ஓடிப்போய் சுருண்டுக்குது. அடர்த்தியான முடிடி உனக்கு.

கொனாடு: எனக்கே தெரியாதுக்கா. பள்ளிக்கூடத்துல ஒட்ட வெட்டச் சொன்னாங்க. படிப்பு முடிஞ்ச மறுவாரமே ஓடி வந்து க்ரீம் பூசிக்கிட்டேன். பதினாறு வருஷமா என் முடிய நான் பாத்ததே இல்ல.

செர்வா: சும்மா விட்டா உடைஞ்சு போகும். தண்ணி தெளிச்சு, ஷியா வெண்ணெய் தடவி, பெரிய பல்லு சீப்பால நுனியிலேருந்து மேல...

கொனாடு: மேலேருந்து இல்லையா?

செர்வா: மேலேருந்து இழுத்தா வலிக்கும். வலிச்சா புள்ளைங்க முடியவே வெறுத்துடும். ஆமா... உன் மக போக்குவா எப்படி இருக்கா? ரெண்டு வாரமா கடைப்பக்கமே காணோமே.

கொனாடு: ...தலையில துணி கட்டியிருக்கு.

செர்வா: ஏன்?

கொனாடு: க்ரீம் பூசிக்கிட்டா. அவளே. கதவச் சாத்திக்கிட்டு. எரிஞ்சாலும் கழுவாம உட்காந்திருக்கா. காதுக்குப் பின்னாடி தோல் உரிஞ்சு போச்சு. ஏழு வயசுக்கா அவளுக்கு.

செர்வா: ஐயோ...

கொனாடு: ஏன் கழுவலன்னு கேட்டேன். "எரிஞ்சாத்தான் நேரா வரும்னு நீதான சொல்லுவ"ங்கிறா.

செர்வா: க்ரீம்... யாரு குடுத்தாங்கன்னு சொன்னாளா?

கொனாடு: சொல்லல. உன் முடி அழகுடின்னு சொன்னேன். என் தலையப் பாத்துட்டு, பொய்யின்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. அதான் வந்தேன். வெட்டுங்கக்கா.

செர்வா: கொஞ்சம் இரு கொனாடு.

கொனாடு: மெதுவா வெட்டுங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்.

செர்வா: அதுக்கில்ல... கத்தரியத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பொம்மை முடிக்குப் போடணும்னு போக்குவா கேட்டா. டப்பா அடியில கொஞ்சம்தான் ஒட்டியிருந்துச்சு. நான்தான்... நான்தான் குடுத்தேன்.

கொனாடு: தெரியும்.

செர்வா: அவ சொல்லலேன்னியே.

கொனாடு: மூடியில உங்க சிவப்புப் பொட்டு இருந்துச்சு.

செர்வா: தெரிஞ்சுமா என் கடைக்கு வந்த?

கொனாடு: முதல் நாள் உங்க கண்ணாடிய உடைக்கத்தான் கிளம்பினேன். பாதி வழியில திரும்பிட்டேன். அவள மடியில வச்சுக்கிட்டு இதே நாற்காலியில முடிய நீவிக்கிட்டது நான்தான? சனிக்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க, நேரா இங்கதான் கூட்டிட்டு வருவேன். நுனியிலேருந்து சீவிவிட நீங்கதான் எனக்கு சொல்லிக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி அவ என் தலையப் பாக்கணும். வெட்டுங்கக்கா.