டெஸ்மண்ட் கிரேக்கம் படிக்கிறார்

— படிக்கட்டும், ஸ்டமாத்தியா, நான் வேண்டாங்கல. ஆனா எழுபது தாண்டின மனுஷன் திடீர்னு கிரேக்கம் படிச்சா, பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வராதா?

— யாருடி, போப்பி? நான் ஊர்லேருந்து வந்து இன்னும் பெட்டியே பிரிக்கல. முதல்லேருந்து சொல்லு.

— எதிர் வீட்டு டெஸ்மண்ட். நம்ம ஆர்கிரோவோட வீட்டுக்காரர், அந்த ஐரிஷ்காரர். எனக்கெதுக்கு வம்பு, நீ கேட்டதால சொல்றேன்.

— கேக்கலன்னாலும் சொல்லியிருப்ப. காபி ஆறுது, குடிச்சிக்கிட்டே சொல்லு.

— மே மாசம் நீ தீவுக்குப் போன மறுவாரம் ஆர்கிரோவுக்குப் பக்கவாதம் வந்துதா?

— அங்கேயே சேதி வந்துது. கை கால் எல்லாம் திரும்பிடுச்சுன்னாங்களே.

— கை கால் திரும்பிடுச்சு. இங்கிலீஷ்தான் திரும்பல. துடைச்சு எடுத்த மாதிரிப் போயிடுச்சு. சின்ன வயசுல வந்த பாஷை அடியில கெட்டியா நின்னுடுமாம், மேல பூசினது உதிர்ந்துடுமாம், டாக்டர் சொன்னாரு. இப்போ வாயத் திறந்தா கிரேக்கம்தான். அதுவும் நம்ம நிஸிரோஸ் தீவுப் பேச்சு, அவ அம்மா பேசின மாதிரியே.

— மாதாவே! அப்போ டெஸ்மண்ட் என்ன பண்ணுவாரு?

— என்ன பண்ணுவாரு? இத்தனை வருஷமும் ரெண்டு பேரும் இங்கிலீஷ்லதான் சண்டை போட்டாங்க. நம்ம பாஷைல அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு கெட்ட வார்த்தை, ஒரு ஈஸ்டர் வாழ்த்து. ஈஸ்டர் அன்னிக்குச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைய உடைக்கும்போது மூணையும் சேத்துச் சொல்வாரு.

— புள்ள குட்டியும் இல்ல, கூட நின்னு பேச.

— அதான் என்னைக் கூப்பிட்டாரு. "போப்பி, அவ என்ன சொல்றான்னு கொஞ்சம் சொல்லுங்க"ன்னு. தினம் காலைல போவேன். அவ சொல்றத இவருக்கு இங்கிலீஷ்ல சொல்லிட்டு வருவேன்.

— நல்ல காரியம்தானே. அதுக்கு ஏன் முகத்த இப்படி வச்சிக்கிட்டிருக்க?

— அவ என்ன சொல்றான்னு நீ இன்னும் கேக்கலையே.

— என்ன சொல்றா?

— முதல் நாளே அவரக் கண்ணால காட்டி என் காதுல கேட்டா. "போப்பி, இந்த வயசான ஐயா யாரு? காலைலேருந்து உக்காந்திருக்காரு. என் புருஷன் வேலைலேருந்து வந்து பாத்தா என்ன நினைப்பாரு?"

— ஐயோ.

— அவ மனசுல டெஸ்மண்டுக்கு இன்னும் முப்பது வயசு. சுரங்க ரயில் ஓட்டிக்கிட்டிருக்காரு. தலைல முடி வேற இருக்கு.

— நீ அவர்கிட்ட என்ன சொன்ன?

— அந்த மனுஷன் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கறாரு, ஸ்டமாத்தியா. சோத்துத் தட்டப் பாக்கற நாய்க்குட்டி மாதிரி. "நீங்க பக்கத்துல இருக்கறது அவளுக்குத் தெம்பா இருக்காம்"னு சொல்லிட்டேன்.

— சரி, ஒரு நாள் சொன்ன. போகட்டும்.

— ஒரு நாளா? கோடையே போயிடுச்சு.

— போப்பி!

— நான் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? அவ "இந்த ஐயா வெறுங்கால்ல நடக்கறாரு, நாகரிகமே இல்ல"ம்பா. நான் "உங்க காலடிச் சத்தம் கேட்டாத்தான் அவளுக்கு நிம்மதியாம்"பேன். ஒரு தடவை ஜோர்ல, "நீங்க ரெண்டு பேரும் கோனி ஐலண்ட் கடற்கரைல ஐஸ்க்ரீம் சாப்பிட்ட மாதிரி அவ கனவு கண்டாளாம்"னு வரைக்கும் போயிட்டேன்.

— கோனி ஐலண்டா!

— அவரு அழுதுட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நிஜமாவே போனாங்களாம். நான் சும்மா அடிச்சு விட்டது.

— இப்போ அவரு பாஷை படிச்சா நீ மாட்டிக்குவ. அதானே உன் கவலை?

— நான் மாட்டறது கிடக்கட்டும். அவமானம் எனக்குப் பழக்கம். கட்டின பொண்டாட்டிக்குத் தன்னை அடையாளமே தெரியலன்னு, அவ வாயால, அவரு காதாலயே கேட்டா தாங்குவாரா? எனக்கு அதான் பயம். முதல்ல நான் வேற மாதிரி நினைச்சேன். கோயில்ல மெழுகுவத்தி விக்கிறாளே விதவை, அவளுக்காகப் படிக்கிறாரோன்னு.

— உன் புத்தி அங்கதான் போகும்.

— ஜன்னல் வழியாப் பாத்த பிறகு தெளிஞ்சுட்டேன். விடிஞ்சதும் ஒரு பாடம். சத்தமா. எனக்கே மனப்பாடம்: "என் மாமாவிடம் பச்சை நிறக் குடை இருக்கிறது." மத்தியானம் காதுல ஒயர மாட்டிக்கிட்டு நம்ம ரேடியோவக் கேட்டபடி டிட்மார்ஸ் தெரு பூரா நடை. சாயங்காலம் வாசப்படில உக்காந்து இன்னொரு பாடம். உள்ள வெளக்கு எரியுது, இவரு குளிர்ல வெளில. படிப்புன்னா அப்படியொரு வெறி. வீடு முழுக்க மஞ்சச் சீட்டு. கதவுல "கதவு", நாற்காலில "நாற்காலி". பூனை முதுகுலயும் ஒட்டினாரு. அது "பூனை"ன்னு போட்டுக்கிட்டு நம்ம வீட்டு வேலியத் தாண்டி வந்துது.

— ஆர்கிரோ ஒண்ணும் சொல்லலையா?

— "பாவம் போப்பி, இந்த ஐயாவுக்கு ஞாபக மறதி. நாற்காலியக்கூட எழுதி வச்சாத்தான் தெரியுது"ன்னா.

— அத என்னன்னு மாத்தின?

— "உங்க கையெழுத்து அழகா இருக்காம்"னேன்.

— தடுத்துப் பாக்கறதுதானே?

— பாக்காம? "புஸ்தகத்துல இருக்கறது ஏதென்ஸ்காரங்க பேச்சு, எங்க தீவுப் பேச்சு வேற, உங்களுக்கு ஒண்ணும் விளங்காது"ன்னேன். "நல்ல வேளை சொன்னீங்க போப்பி"ன்னு நேரா நிஸிரோஸ் சங்கத்துக்குப் போய், சீட்டாடற கிழவனுங்க பக்கத்துல உக்கார ஆரம்பிச்சிட்டாரு. போன வாரம் கறிக்கடை மனோலிகிட்ட நின்னு, "மதிப்பிற்குரிய இறைச்சி விற்பவரே, எனக்கு ஆட்டின் தோள்பகுதி தேவைப்படுகிறது"ன்னாராம். கடையே கைதட்டிச்சாம்.

— நீயாப் போய் உண்மையச் சொல்லிடு, போப்பி. தானாத் தெரியறதுக்கு முன்னாடி.

— சொல்லணும்தான். வாய் வரமாட்டேங்குது.

— உனக்கா வாய் வரல? சரி, சும்மா இரு. அவரே ரோட்டத் தாண்டி வர்றாரு.

— கையில புஸ்தகமா?

— ஒண்ணும் இல்ல. சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டிருக்காரு. ஏதோ பேசத்தான் வர்றாரு.

— இனிய மாலை வணக்கம், அன்பிற்குரிய பெண்மணிகளே. திருமதி ஸ்டமாத்தியா அவர்களே, தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?

— அடேயப்பா, டெஸ்மண்ட்! கிரேக்கத்துல செய்தி வாசிக்கிறீங்களே!

— நான் நாள்தோறும் பயில்கிறேன். போதும், மீதிய இங்கிலீஷ்ல பேசிடறேன். தாடை வலிக்குது.

— உக்காருங்க, டெஸ்மண்ட். காபி போடவா?

— வேணாம், போப்பி. இப்பத்தான் ஆர்கிரோ கொடுத்தா. வெள்ளித் தட்டுல காபி, ஒரு கிளாஸ் தண்ணி, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துல செர்ரிப் பழப்பாகு, ஒரு ஸ்பூன். தினமும் அப்படித்தான்.

— எவ்வளவு ஆசையாச் செய்யறா பாருங்க!

— ஸ்டமாத்தியா, உங்க வீட்டுக்காரருக்கு நீங்க காபி எப்படிக் கொடுப்பீங்க?

— அவருக்கா? அடுப்பு மேல இருக்கு, ஊத்திக்குங்கன்னு கத்துவேன்.

— வெள்ளித் தட்டு, பழப்பாகு?

— அதெல்லாம் யாராவது வந்தா எடுக்கறதுதானே.

— ஸ்டமாத்தியா!

— நான் என்னடி சொல்லிட்டேன், போப்பி?

— அவங்களத் திட்டாதீங்க, போப்பி. என் புஸ்தகத்துலயே இருக்கு. "விருந்தினரை வரவேற்றல்"னு ஒரு பாடம். படம் போட்டிருக்கு. அதே தட்டு, அதே தண்ணி, அதே கிண்ணம். படத்துல இருக்கறவன் தொப்பிய மடியில வச்சிக்கிட்டு ஒடுங்கி உக்காந்திருக்கான். அப்பத்தான் விளங்கிச்சு, என் வீட்ல நான் யாருன்னு.

— இது எப்போ?

— ஜூன்ல.

— ஜூன்லயா! அப்போ இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சேவா கேட்டுக்கிட்டிருந்தீங்க?

— அவ சொல்றதும் கேட்டுது, நீங்க சொல்றதும் கேட்டுது. ரெண்டுல எதையும் விட மனசில்ல. நான் வெறுங்கால்ல நடக்கறது அவளுக்குப் பிடிக்கலன்னு தெரிஞ்சதும் நல்லதாப் போச்சு. இப்போ வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கறேன்.

— பூமி பிளந்தா உள்ள போயிடுவேன், டெஸ்மண்ட்.

— ஏன் போகணும்? இந்தப் படிப்புல எனக்கு நஷ்டமில்ல, போப்பி. என்கிட்ட அவ சொல்லாத கதையெல்லாம் இந்த விருந்தாளிகிட்டச் சொல்றா. இருட்டறதுக்கு முன்னாடி டிவில உங்க ஊர் நாடகம் வருமே, அதப் பாத்துக்கிட்டே ஒவ்வொருத்தரையும் கிண்டல் பண்றா பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சேன். "ஐயா, என் புருஷன் தங்கமானவரு. ஆனா நான் இவ்வளவு வேடிக்கையாப் பேசுவேன்னு அவருக்குத் தெரியாது. இங்கிலீஷ்ல எனக்குத் தமாஷ் வராது. அவரும் ஒரு நாள்கூட என் பாஷைய என்னன்னு கேட்டதில்ல"ன்னா.

— உங்க முகத்தப் பாத்தேவா சொன்னா?

— பாத்துதான் சொன்னா, ஸ்டமாத்தியா. நானும் "ஆமாம் அம்மா, அது அவர் தவறு"ன்னேன்.

— நீங்க அவகிட்டச் சொல்லிடலாமே, நான்தான் உன் புருஷன்னு.

— சொன்னேனே. நான் பிழையில்லாமச் சேத்த முதல் பெரிய வாக்கியம் அதான். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பழகினேன். அவ எதிர்ல போய் உக்காந்து, "ஆர்கிரோ, நான் டெஸ்மண்ட். உன் கணவன்"னேன்.

— அவ?

— என் கையத் தட்டிக் கொடுத்தா. "ஐயா, நீங்க நல்லவரு, ஏன் பொய் சொல்றீங்க? என் டெஸ்மண்டுக்குக் கிரேக்கம் ஒரு வார்த்தை வராதே"ன்னா.

— ஐயோ, டெஸ்மண்ட்.

— சிரிங்க, போப்பி, பரவால்ல. நானும் சிரிச்சேன். சமையக்கட்டுக்குள்ள போய்.

— நான் சிரிக்கல. கைக்குட்டையக் கொடுடி, ஸ்டமாத்தியா.

— அப்போ சாயங்காலம் வாசப்படில உக்கார்றீங்களே, அது?

— வெளிச்சம் குறைஞ்சா அவளுக்குப் பதட்டம் வந்துடுது. "புருஷன் வர்ற நேரம், கிளம்புங்க ஐயா"ன்னு மரியாதையா என் கோட்ட எடுத்து நீட்டறா. வாங்கிப் போட்டுக்கிட்டு வெளில வந்துடுவேன், அவ தூங்கினப்புறம்தான் உள்ள போவேன். சும்மா உக்கார்றதுக்கு ஒரு பாடம் படிக்கலாமேன்னு.

— இவ அதப் படிப்பு வெறின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.

— அது பழகிப் போச்சு, ஸ்டமாத்தியா. நான் வந்தது வேற விஷயமா. ஒரு வாரமா அவ ராத்திரி சாப்பிடறதில்ல. மேஜைல ரெண்டு தட்டு வச்சிட்டு, டெஸ்மண்ட் வந்தாத்தான் சாப்பிடுவேன்னு ஜன்னல்லயே நிக்கறா. அவரு எங்கேருந்து வருவாரு? சூப் ஆறிப் போகுது. மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும், அதுவும் போடறதில்ல. ஆளே பாதியாயிட்டா. இப்படியே போனா அவள வீட்ல வச்சிக்க முடியாது, முதியோர் விடுதில சேத்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— இப்பவே வர்றேன், டெஸ்மண்ட். எல்லாத்தையும் நானே அவகிட்ட விளக்கமாச் சொல்றேன். இனிமே என் வாயிலேருந்து உண்மையத் தவிர ஒண்ணும் வராது, மாதா மேல சத்தியம்!

— அந்தச் சத்தியத்தக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, போப்பி. உண்மை சொல்ற அளவுக்குக் கிரேக்கம் எனக்கே வந்துடுச்சு. பொய் சொல்ற அளவுக்குத்தான் இன்னும் வரல. புஸ்தக நடைல சொன்னா அவ நம்ப மாட்டா. உங்க தீவுக்காரர் யாரோ வாசல்ல நின்னு சாதாரணமாச் சொல்ற மாதிரி இருக்கணும். நான் இங்கிலீஷ்ல சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் மாத்திக் கொடுங்க. இருட்டறதுக்குள்ள பாடம் பண்ணிடறேன்.

— என்ன சொல்லணும் அவகிட்ட?

— "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ராத்திரி ரயில் ஓட்டற வேலை போட்டுட்டாங்களாம், தனியா உக்காந்தா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு, அவருக்குப் பதிலா உங்களோட உக்காந்து சாப்பிடச் சொல்லி என்னை அனுப்பினாரு."