பேஸுக்கு எடுத்த எஞ்சின்

ராமேஸ்வரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தங்கச்சிமடத்தில் சர்ச்சுக்குக் கீபோர்டு வாசிப்பவர், இன்னொருவர் ராமநாதபுரத்துக் கல்யாணக் கச்சேரிக்காரர். யார் வீட்டில் என்ன மிக்ஸர், என்ன கீபோர்டு என்று உச்சிப்புளி தாண்டியும் பேசித் தீரவில்லை. எனக்குக் கண் சொருகியது.

“புது ஸ்பீக்கர் எப்படி?” என்றார் கச்சேரிக்காரர்.

“அத ஏன் கேக்குற. போட்ட அன்னைக்கே பக்கத்து வீட்டு அக்கா கடக்கரைக்கு ஓடிருச்சு.”

தூக்கம் போய்விட்டது.

“அம்புட்டுச் சத்தமாவா வச்ச?”

“அதில்லப்பா. போன வருசம் அவுக வீட்டு மீன்புடி போட்டு எஞ்சின் சத்தத்த போன்ல புடிச்சு வச்சிருந்தேன். அதத்தான் பாட்டுக்கு அடியில பேஸா ஓட விட்டேன். எங்க ஊருல எஞ்சின் சத்தத்த வச்சே யாரு போட்டு வருதுன்னு சொல்லிருவாக.”

“புருசன் வந்துட்டாருன்னு ஓடிருச்சாக்கும்!” கச்சேரிக்காரர் சிரித்தார்.

“கடல் எல்ல தாண்டுனாகன்னு அந்த அண்ணனையும் போட்டையும் இலங்கையில புடிச்சு வச்சிருக்காக.”

சிரிப்பு நின்றது. “ஏலே... அத அழிச்சிட்டியா?”

“அழிக்கப் போனேன். அதுக்குள்ள அக்கா தட்டோட வந்துருச்சு. சத்தம் கேட்டதும் அண்ணனுக்கும் சேத்து ஒலையில அரிசி போட்டுட்டுத்தான் ஓடிருக்கு. ‘வடிச்ச சோறு வீணாப் போகும், நீ தின்னு தம்பி’ன்னுச்சு.”

“தின்னியாலே?”

“எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. தின்னேன்.”