பாட்டு முடியுமட்டும்

இல்லை ராஜி அக்கா, அந்தப் பயணப் பையை அதிலயே வையுங்கோ. மேல பேந்து போகலாம். மாமாவுக்கு இப்ப ஒரு அவசரமும் இல்லை. முதல் இந்தக் கதிரையில இருங்கோ. முகத்தைப் பாக்கவே தெரியுது, விடியத்தொடக்கம் ஒண்டும் வாயில வைக்கேல்லை எண்டு. ப்ளேனில தந்த பிஸ்கட்டோ? அது சாப்பாடே?

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அன்ரி அவிச்சுத் தந்தவா. தேத்தண்ணியும் அவ தந்ததுதான், பிளாஸ்கில இருக்கு. இஞ்சை நான் இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை. முள்ளுக்கரண்டி வேணுமோ? ஜெர்மனியில வளர்ந்த பிள்ளையெல்லோ, அதுதான் கேட்டனான். கையாலயோ? அப்ப எங்கட ஆள்தான்.

ஓம், போனில கதைச்ச துஷ்யா நான்தான். வயசான மனுசி எண்டு நினைச்சிட்டீங்களோ? எனக்கு இன்னும் முப்பது ஆகேல்லை. மகளுக்கு நாலு வயசு, அன்ரி வீட்டிலதான் விட்டிருக்கிறன். அவள் உங்கட மாமாவைத் தன்ரை தாத்தா மாதிரி ஓப்பா எண்டுதான் கூப்பிடுறவள்.

மாமாவைப் பராமரிக்கக் கவுன்சில் என்னை இஞ்சை அனுப்பினது என்ரை படிப்புக்கில்லை அக்கா. முல்லைத்தீவுப் பக்கம் ஊர்ப் பள்ளிக்குடத்தில பத்தாம் வகுப்பு, அதோட சரி. பக்கவாதம் வந்து மாமாவுக்கு இங்கிலீஸ் முழுக்க அழிஞ்சுபோச்சு, பிறந்த பாசை டொச், ஜெர்மன் மட்டும்தான் மிச்சம். லண்டனில இந்த ஸ்ட்ரெதத்தில டொச் தெரிஞ்ச ஹோம் கெயாருக்கு எங்க போறது? நாங்கள் ஜெர்மனியில எசனில ஆறு வருசம் இருந்திட்டு, பிள்ளை இங்கிலீஸில படிக்கட்டும் எண்டு இஞ்சால வந்த ஆக்கள். ஹோட்டலில அறை துடைச்சுத் துடைச்சுப் படிச்ச டொச் என்ரை. முதல்நாள் நான் வாயைத் திறக்க மனுசன் கண்ணை மூடிப்போட்டார். என்ன ஐயா, ஏலாமல் கிடக்கோ எண்டு கேட்டன். பிள்ளை, நீ கதைக்கிறது தகர வாளியைப் படியில இழுக்கிறமாதிரி இருக்கு எண்டார். அண்டைக்கே எனக்கு அவரைப் பிடிச்சிட்டுது.

குழம்பு இன்னும் விடட்டோ? உறைக்குதோ?

அந்த ஒரு இரவைத் தவிர மார்க்குஸ் உங்களுக்குத் தகப்பனைப் பற்றி ஒண்டுமே சொன்னதில்லையோ. பதினொரு வருசம் கலியாணம் கட்டியுமோ. ஒரு போட்டோவும் இல்லையோ. சரி, நான் சொல்லுறன். எனக்கு அவர் நாலஞ்சு தரம் சொல்லியிருக்கிறார், சில கதை பத்துத் தரம்.

ஜெர்மனியில நிலக்கரி தோண்டுற ஊர்தான் அவரின்ரை ஊர். தகப்பனும் சுரங்கத்துக்கை இறங்கினவர். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோட, சேர்ச்சில பாடின பெடியனைப் பாத்து, உந்தக் குரலை நிலத்துக்குக் கீழ கொண்டுபோகாதை எண்டு ஒரு பாதிரியார் சொல்லியிருக்கிறார். பேந்து படிச்சு, ஓப்பராவில சேந்து, சின்னச் சின்னப் பட்டணங்களில பாடினவர். பேர்லினுக்கு ஒருக்கால் கூப்பிட்டவையாம். அண்டைக்குப் பாத்துத் தடிமன், தொண்டை கட்டிப்போச்சு.

ஓப்பரா எண்டால் எனக்கும் முந்தி ஒரு சவமும் தெரியாது. கூத்து மாதிரித்தான், கதை முழுக்கப் பாட்டு. மேல்குரல்காரன் எண்டால் காதலன், அடிக்குரல்காரன் எண்டால் ராசா, கிழவன். மாமா ரெண்டுக்கும் நடுவில. நடுக்குரல்காரனுக்கு என்ன வேசம் எண்டு கேட்டன். தகப்பன், இல்லாட்டில் வில்லன் எண்டார். பொம்பிளையை ஒருக்காலும் கூட்டிக்கொண்டு போகேலாதோ எண்டு கேட்டன். முப்பது வருசத்தில ஒருக்காலும் இல்லை, ஆனால் கத்திக்குத்தில சாகிறதில என்னை வெல்ல அந்தப் பக்கத்தில ஆள் இல்லை எண்டார். எழும்பி நடக்கக்கூடிய நாளில இந்தக் குசினியிலயே விழுந்து காட்டினவர். முதல் முழங்கால், பேந்து இடுப்பு, பேந்து தோள். தலை அடிபடாது. நானும் விழுந்து பழகினனான், சிரியாதேங்கோ.

குரல் போனதுதான் அவருக்குச் சரியான அவதி. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சுரமும் நிக்காது. விடியக்காலமை தொண்டையைச் செருமி ஒருக்காத் துவங்கிப் பாப்பார், பேந்து யன்னலைப் பாத்துக்கொண்டு இருப்பார். நாளைக்குப் பாப்பம் ஐயா எண்டு நான் சொல்லுவன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் போடுறன். வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ.

நீங்கள் அந்த ஒண்டைக் கேக்கத்தானே வந்தனீங்கள். மார்க்குஸ் அனுப்பினவரோ? அவருக்குத் தெரியாதோ? லண்டனில செவன் கிங்ஸில ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்களோ. நல்ல பொய் அக்கா. வெள்ளைக்காரனுக்கு அது என்ன கொண்டாட்டம் எண்டு விளங்கிறதுக்கிடையில நீங்கள் திரும்பிப் போயிடலாம்.

ஓம், அந்த இரவு அவர் பாடினவர்தான். மனுசி ஆசுப்பத்திரியில செத்துக் கிடக்க, அவர் மேடையில நிண்டு பாடினவர். பதினைஞ்சு வயசுப் பெடியன் தாயின்ரை கட்டிலுக்குப் பக்கத்தில தனிய இருந்தவன். அது உண்மை. ஆனால் அவருக்குத் தெரியாதக்கா.

தெரியாது. மனுசிக்குச் சின்ன ஒப்பரேசன், ஒண்டும் நடவாது எண்டு டொக்டர் சொன்னபடியால்தான் வேலைக்குப் போனவர். இடைவேளையில தியேட்டருக்குப் போன் வந்தது. மனேஜர் எடுத்தவன். சொன்னால் மிச்சப் பாதியை ஆர் பாடுறது? அதால சொல்லேல்லை. உடுப்புப் போட்டுவிடுற பொம்பிளைக்குத் தெரியும், வயலின்காரருக்குத் தெரியும், மாமாவுக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் தன்னோட புதினமான அன்பாய் நடந்தவையாம். ஒருத்தி தேத்தண்ணி கொண்டந்து தந்தவவாம், முகத்தைப் பாக்காமல். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். பாட்டு முடியுமட்டும் வைச்சிருந்து, பூச்செண்டு கையில இருக்கேக்கைதான் சொன்னவங்கள்.

ஏன் மகனுக்குச் சொல்லேல்லை எண்டு நானும் கேட்டனான். சவம் எடுத்த அண்டைக்கு, நீங்கள் பாடினீங்களோ எண்டு மட்டும் பெடியன் கேட்டவன். ஓம் எண்டாராம். அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கேக்கேல்லையாம். தாயின்ரை தங்கச்சி அவனைக் கூட்டிக்கொண்டு போட்டா. எனக்குத் தெரியாது மோனை எண்டு ஒரு வசனம் சொல்ல ஏலாமல் போட்டுதோ எண்டு ஒருநாள் நான் ஏசினனான். அப்பதான் சொன்னார். அண்டைக்குத்தான் தன்ரை சீவியத்திலயே திறமாய்ப் பாடினதாம். சனம் எழும்பி நிண்டு கைதட்டினதாம். அவ செத்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நான் உலகத்தில இல்லாத சந்தோசத்தில நிண்டனான் துஷ்யா, அதை என்னெண்டு பிள்ளைக்குச் சொல்லுறது எண்டு கேட்டார்.

பேந்து அந்த ஊரில இருக்கேலாமல் லண்டனுக்கு வந்து, பாட்டுப் படிப்பிச்சு, பியானோ வாசிக்கிற ஒரு இங்கிலீஸ் மனுசியோட இந்த வீட்டில இருந்தவர். அவவும் செத்துப்போனா. கிறிஸ்மசுக்கு மார்க்குசுக்கு வாழ்த்துக் காட் போடுவிப்பார். ஓ, அதெல்லாம் உடைக்காமலே கிடக்குதோ. நான்தான் அக்கா அட்ரஸ் எழுதுறனான்.

போனை இப்ப எடுக்காதேங்கோ. மார்க்குசுக்குப் பேந்து சொல்லலாம். இந்தக் கடைசி வாயைச் சாப்பிட்டு முடியுங்கோ. கை கழுவுங்கோ, அந்தா பைப். துவாய் இந்தாங்கோ.

எனக்கு அந்த மனேஜரில சரியான கோவம் இருந்தது. மாமாவுக்கு இல்லை. அவனும் என்ன செய்வான், நான் பாடி முடிக்கட்டும் எண்டு நினைச்சவன் எண்டுவார். எங்கட ஆக்களும் அப்பிடித்தானே. தூர இருந்து வாற ஆளுக்கு வாசலில வைச்சு ஒண்டும் சொல்ல மாட்டம். முதல் சாப்பிட வைப்பம். வெறும் வயித்தில கேட்டால் தாங்கேலாது, பேந்து ரெண்டு நாளைக்குத் தண்ணியும் இறங்காது.

ஓம் அக்கா. போனது விடியிற நேரம்தான். நீங்கள் அப்ப ப்ளேனில ஏறியிருப்பியள், போன் போகேல்லை. நான் பக்கத்தில இருந்தனான், கரைச்சல் ஒண்டும் படேல்லை. நேர்ஸ் வந்து பாத்திட்டுப் போட்டா. சவப்பெட்டிக்காரரைப் பின்னேரம் வாங்கோ எண்டு சொல்லியிருக்கிறன், நீங்கள் முகம் பாக்கவேணும் எண்டு.

நீங்கள் வாறது தெரியும் அவருக்கு. நேற்றுச் சொன்னனான், மருமகள் வாறா எண்டு. மார்க்குஸ் எண்டார். கேள்வியாய்க் கேட்டாரோ, சும்மா பேரைச் சொன்னாரோ, எனக்குத் தெரியேல்லை.

மெதுவாய் எழும்புங்கோ. மேலதான், தன்ரை கட்டிலிலதான் கிடக்கிறார். துடைச்சு வெள்ளைச் சேட்டுப் போட்டுவிட்டிட்டன். ஒரு வேலைதான் மிச்சம். வாய் திறந்தபடி இருக்கு, பாடத் துவங்கினமாதிரி. எங்கட வழக்கத்துக்கு நாடியைத் தலையோட சேத்துக் கட்டவேணும், துணியும் கிழிச்சு வைச்சனான். ஊரில சண்டையில செல் குண்டு விழுந்த காலத்தில, அந்தச் சின்ன வயசிலயே கனபேருக்கு நான் கட்டியிருக்கிறன். இவருக்குக் கட்டக் கை போகேல்லை அக்கா. இன்னும் கொஞ்சத்தில இறுகிப்போடும். நீங்கள்தானே உரிமைக்காரி. கட்டுறதோ, விடுறதோ, சொல்லுங்கோ.