வலிக்கும் இடம் எதுவென்று கேட்டவருக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் பிரசவப் பிரிவின் படியேறி, இன்று மாலையோடு பணி நிறைவு காணும் எங்கள் தலைமைச் செவிலியரே! முனகல் எழுமுன்னே முன்வந்து நின்ற மூத்த அக்காவே! கையிலே பனியும் நெஞ்சிலே கனலும் கொண்டவரே! குறிப்பாணைக்குக் குனியாத கொள்கைக் குன்றே! வணக்கம்.

இம்மடலின் வரைவைப் பார்த்த அலுவலகம் ஒரே ஒரு திருத்தம் சொன்னது. மேடையில் சொல்லத் தகாத இடம் ஒன்று இதில் வருகிறதாம். 'தாய்மார் நலம்' என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமாம். அக்கா, நீங்கள் எதைப் பொதுவாகப் போட்டீர்கள், நாங்கள் இன்று போடுவதற்கு? பிள்ளை வரும் வழிக்கும் மலவாய்க்கும் நடுவே, கிழிந்து தைக்கப்பட்ட இரண்டு விரல் அகல இடம். அங்கேதான் வலிக்கும். மேடையில் வீற்றிருக்கும் பெரியோரில் பெரும்பாலோர் அவ்வழியே வந்தவர்கள்தாம். முகம் சுளிக்க அவர்களுக்கு உரிமையில்லை.

வலியறிந்த வள்ளலே!

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் கட்டிலில் ஒருத்தி கிடந்தாள். இன்று இப்பிரிவின் துணியறையைப் பார்த்துக்கொள்பவளும், இம்மடலை எழுத எங்களால் பணிக்கப்பட்டவளும் அவளே. அவள் பெற்ற பிள்ளை அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவள் மனத்தைத் தேற்றினார்கள், தலையைத் தடவினார்கள், விதியைத் திட்டினார்கள். அவளால் உட்கார முடியவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் வலியை மெல்லச் சொன்னாள். நாத்தனார் திருப்பிக் கேட்டாள்:

"பிள்ளையே போச்சு. இதுல உனக்குத் தையல் வலிதான் பெருசா?"

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வலிப்பதே குற்றம் போலிருந்தது. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கம்மா வலிக்குது?" என்றீர்கள். மறைப்புத் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தீர்கள். "வீங்கியிருக்கு. இரு, வர்றேன்."

அந்நாளில் இப்பிரிவில் குளிர்ப்பெட்டி கிடையாது. நீங்கள் கையுறையில் தண்ணீர் நிரப்பி, வாயை முடிச்சிட்டு, அடுத்த அறையில் மருத்துவர்களின் குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பீர்கள். அன்று நீங்கள் போன நேரமும் அறுவை மருத்துவர் தம் மதிய உணவை எடுத்த நேரமும் ஒன்றாகிவிட்டன. அவர் போட்ட கூச்சல் எட்டாம் கட்டில் வரை கேட்டது.

"ஐயோ, யாரோட கை இது, என் சாப்பாட்டுக்குப் பக்கத்துல?"

"எட்டாம் கட்டில் அம்மாவோடது டாக்டர். குடுங்க, காத்துட்டிருக்காங்க."

எட்டாம் கட்டில்காரி சிரிக்கவில்லை. ஆனால் உலகில் யாரோ தனக்காகச் சண்டை போடுவதை, பிள்ளை போன அந்த இரண்டு நாளில் முதன்முறையாகக் காதால் கேட்டாள்.

"பச்ச உடம்புல ஐஸா? ஜன்னி வந்துடாதா?" என்று நாத்தனார் தடுத்தாள்.

"துணி சுத்தித்தான் வைக்கிறேன். பத்து நிமிஷம், அப்புறம் எடுத்துடுவேன். ஜன்னி வந்தா என்னைக் கேளுங்க. குழந்தை இருந்தாலும் இல்லேன்னாலும் தையல் தையல்தான். கொஞ்சம் திரும்பிப் படும்மா."

மறுநாள் வீக்கம் வடிந்தபின், வாயகன்ற தொட்டியில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, அவளை அதில் உட்கார வைத்தீர்கள். இளஞ்சூடு இடுப்பில் ஏறியதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. நீங்கள் முதுகைக் காட்டியபடி திரையைப் பிடித்து நின்றீர்கள். தண்ணீர் ஆறியபோது ஒரு செம்பு சூடு சேர்த்தீர்கள். மறுபடி திரும்பி நின்றுகொண்டீர்கள்.

அஞ்சாத அன்னையே!

கையுறைக்காக உங்களிடம் விளக்கம் கேட்டு ஆணை வந்தது. நீங்கள் எழுதித் தந்த விளக்கம் இன்றும் கோப்பில் இருக்கிறது: 'தையல் போட்ட இடத்தில் வலி இருந்தது. குளிர் வைத்தேன். குறைந்தது.' நாங்கள் கற்ற செந்தமிழெல்லாம் இம்மூன்று வரிக்கு முன் கைகட்டி நிற்கிறது. பிறகு, கழித்துக் கட்டிய பொருள்களோடு மழையில் கிடந்த பழைய குளிர்ப்பெட்டியை மின்பணியாளர் அண்ணனைக் கொண்டு உயிர்ப்பித்தீர்கள். அதன் கதவு இன்றும் காயம் கட்டும் துணியால்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எட்டாம் கட்டில்காரி ஓராண்டு கழித்து இங்கேயே துணியறை வேலைக்கு வந்தாள். வந்த முதல் வாரமே, மருத்துவமனைத் துணி என்றால் மொடமொடப்பாக இருக்கவேண்டும் என்று எண்ணி, பனிக்கையுறைக்குச் சுற்றும் துணிகளுக்கும் கஞ்சி போட்டு அனுப்பிவைத்தாள். நீங்கள் திட்டவில்லை. ஒன்றை எடுத்து அவள் கன்னத்தில் தேய்த்தீர்கள். "நீயே படுத்துட்டுப் போனவதானே, மறந்துட்டியா?" அன்று தொட்டு, இப்பிரிவின் சுற்றுத் துணிக்குக் கஞ்சியும் கிடையாது, ஓரத் தையலும் கிடையாது.

நிற்க. சென்ற வாரம் ஓர் ஆணை வந்தது. குளிர்ப்பெட்டியும் நான்கு தொட்டிகளும் இப்பிரிவின் பொருள் பட்டியலில் இல்லையாம். தலைமைச் செவிலியர் ஓய்வு பெற்ற மறுநாளே அவற்றை அகற்றவேண்டுமாம். உங்கள் பணி நிறைவோடு எட்டாம் கட்டிலின் வலியும் ஓய்வு பெறுகிறது என்று யார் சொன்னார்கள்? இவ்வவையிலேயே, அனைவர் காது கேட்கச் சொல்கிறோம்: பெட்டி போகாது. விளக்கம் கேட்டால் எழுதித் தருவோம், ஆளுக்கு மூன்று வரி. அகற்ற வருகிறவர்கள் வரட்டும். அன்று எட்டாம் கட்டிலில் எவள் கிடக்கிறாளோ, முதலில் அவளிடம் கேட்டுவிட்டு எடுத்துப் போகட்டும்.

அக்கா, நோவில்லாத முழங்கால்களோடும், எவரும் தட்டி எழுப்பாத உறக்கத்தோடும், சூடு ஆறுமுன் குடித்து முடிக்கும் தேநீரோடும் நீங்கள் நெடுங்காலம் நலமே வாழ்க! இம்மடலின் கண்ணாடிச் சட்டங்கள் இரண்டு. ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று குளிர்ப்பெட்டிக்கு நேர்மேலே ஏற்கெனவே அறையப்பட்டுவிட்டது.

இங்ஙனம்,
பிரசவப் பிரிவின் செவிலியர்கள், ஆயாக்கள்,
மின்பணியாளர் அண்ணன், துணியறைப் பணியாளர்.

பின்குறிப்பு: இளைய செவிலியர் ஒருவரின் கையொப்பம் மட்டும் இதில் இல்லை. நண்பகலில் பிரசவமான தாய் எட்டாம் கட்டிலில் இருக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் கையுறையை எடுக்கவேண்டும் என்று அச்செவிலியர் விழாவுக்கு வர மறுத்துவிட்டார்.