படுத்தால்தான் பணமா?

பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியைக் கையருகில் வைத்துக்கொண்டு தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே. வண்டியை ஓட்டி ஓட்டியே வயதையும் ஓட்டிவிட்ட மூத்த ஓட்டுநர் பெருமக்களே. கரி படிந்த கையைக் கழுவக்கூட நேரமின்றி வந்து நிற்கும் பணிமனைத் தோழர்களே. பிள்ளையை இடுப்பிலும் பிணியை நெஞ்சிலும் சுமந்துகொண்டு குடும்பத்தைக் கரைசேர்க்கும் தாய்மார்களே. எனக்கு முன்னால் பேசிய, எனக்கு எதிராகப் பேசிய, என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் மருத்துவ நிதியின் பொருளாளர் அவர்களே. உங்கள் அனைவருக்கும் இந்த நடத்துநரின் அன்பு வணக்கம்.

சிரிக்காதீர்கள். மேடையில் அவர் பொருளாளர், நான் உறுப்பினர். வீட்டில் யார் தலைவர் என்பது இன்றைய தீர்மானத்தில் இல்லை.

ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது இல்லாமலே என் குரல் கடைசி வரிசைக்கு வரும். நெரிசலில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்தியே தேறிய தொண்டை இது.

தோழர்களே, விஷயம் இதுதான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து நாம் கட்டியெழுப்பியது இந்த மருத்துவ நிதி. அதன் விதி என்ன சொல்கிறது? மருத்துவமனையில் சேர்ந்து படுக்கையில் படுத்தால் பணம் தரும். நடந்து போய், வைத்தியம் பார்த்து, நடந்தே திரும்பினால் தராது. சர்க்கரை, இரத்தக்கொதிப்பு போன்ற நாள்பட்ட நோய்களுக்குப் படுக்காமல் பார்க்கும் வைத்தியத்திற்கும் நிதி பணம் தர வேண்டும் என்பதே இன்று நம் முன் உள்ள தீர்மானம். வேண்டுமா, வேண்டாமா என்பதை இன்னும் சற்று நேரத்தில் நீங்கள்தான் கைதூக்கிச் சொல்லப் போகிறீர்கள்.

இந்த விதி நம்மை என்ன பாடு படுத்துகிறது தெரியுமா? அதோ, தூணில் சாய்ந்து நிற்கிறாரே, நம் மின்பணியாளர், நாம் எல்லோரும் ஆசையாக 'பியூஸ்' என்று அழைப்பவர், அவரைக் கேளுங்கள். வயிற்றை ஒரு ஸ்கேன் எடுக்கப் போனார். அரைமணி நேர வேலை. "ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, நிதியில வாங்கிக்கலாம்" என்றார்கள். ஆனார். நலமாக உள்ள மனிதர் நாள் முழுக்கக் கட்டிலில் எப்படிக் கிடப்பார்? செய்தி கேட்டு ஓடி வந்த அவர் கொழுந்தியா காலிக் கட்டிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். "எங்க மாமாவ எங்கம்மா கொண்டு போனீங்க, ஐ.சி.யு.வுக்கா?" என்று அழ, "கீழ டீ குடிக்கப் போயிருக்காரும்மா, வந்துடுவாரு" என்றாராம் நர்ஸம்மா.

மறுக்காதே பியூஸ், சொன்னதே உன் கொழுந்தியாதான்.

ஆனால் அந்தக் கட்டிலுக்கு வாடகை கொடுத்தது யார்? நாம். அந்தக் கட்டில் கிடைக்காமல் அன்று தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தது யார்? உண்மையிலேயே படுக்க வேண்டிய நோயாளி. இது பியூஸின் பிழையா? இல்லை, படுக்கச் சொன்ன விதியின் பிழை.

சிரித்தது போதும். என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரோடு வண்டி ஏறியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர் பிரேக் போட்டால் நிற்கிற பயணி கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு நிதானமான கால். சர்க்கரை நோய் அந்தக் காலின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பெடலை மிதிக்கும் வலது பாதத்தில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. வலி இருந்திருந்தால் அப்போதே அலறியிருப்பார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாத்திக்குங்க, ஆறிடும்" என்றார் கட்டுப் போடும் நர்ஸம்மா. ரசீதை எடுத்துக்கொண்டு அண்ணன் பொருளாளரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கையில் கரண்டியோடு நின்று கேட்ட பேச்சு இது.

"மச்சான், இதுக்கு நிதியில வழி இல்ல. ஒரு நாள் பெட்ல படுத்துட்டு வாங்க, உடனே பாஸ் பண்ணிடுறேன்."

"நல்லா நடமாடுறவன் எதுக்கு மாப்ள படுக்கணும்? அடுத்தவன் கட்டில்ல போய் நான் நோயாளி வேஷம் போடணுமா?"

"அப்ப ரூல்ஸ மீறி நானும் கையெழுத்துப் போட மாட்டேன். மச்சான்னு பாத்தா நாளைக்கு ஊரே என்னக் காறித் துப்பும்."

இருவரில் யாரைக் குறை சொல்வேன்? அண்ணன் கட்டு மாற்றுவதை வாரம் ஒன்றாக்கினார். பிறகு தானே பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். புண் எலும்பைத் தொட்டது. அதற்குப் பிறகு அவர் படுத்தார் தோழர்களே, விதி சொன்னபடியே படுத்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவைக்குப் பணம், அறைக்குப் பணம், மருந்துக்குப் பணம், அத்தனையும் ஒரு கேள்வி இல்லாமல் நிதி கொடுத்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட்ட பொருளாளர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

காலைக் காக்கக் காசில்லை, காலை வெட்டக் காசுண்டு என்றால் அதற்கு மருத்துவ நிதி என்று பெயர் வைக்கலாமா? திருடன் செய்த வேலையா இது? இல்லை. சோம்பேறி செய்த வேலையா? அதுவும் இல்லை. இரண்டு நேர்மையான மனிதர்கள், ஒரு மோசமான விதி, என் அண்ணனின் கால் போய்விட்டது.

மணி அடிக்கிறீர்களா தலைவரே? நல்ல நிறுத்தமாகப் பார்த்து நானே இறங்கிவிடுகிறேன்.

பொருளாளர் கேட்டார், "கதவைத் திறந்துவிட்டால் தும்மியவன் எல்லாம் வரிசையில் நிற்பானே, நிதி வற்றிவிடாதா?" நியாயமான கேள்வி. தும்மலுக்கும் தலைவலிக்கும் தீர்மானத்தில் இடமில்லை, படித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் செலவில் ஒரு பங்கை உறுப்பினரே தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். முதல் ஆண்டு கை இறுகத்தான் செய்யும், அதை மறைத்து உங்கள் கையைத் தூக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் புண்ணைச் சுரண்டிக் கட்டுவதற்குப் பொழுதுபோக்காக எவன் போவான்? பணிமனைத் தோழர்களே, உங்களைக் கேட்கிறேன். ஆயில் மாற்ற வராதே, எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு வா என்று எந்த வண்டியையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? இரும்புக்குக் காட்டுகிற அக்கறையை எலும்புக்கும் சதைக்கும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? அண்ணன் இப்போது எப்படி இருக்கிறாரா?

இருக்கிற ஒரு பாதத்திலும் புண் வந்துவிட்டது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். அதைக் காப்பாற்றிவிட்டால் ஊன்றுகோலோடு நடமாடுவார். காப்பாற்றாவிட்டால் எழுந்து நிற்கவே ஆளைத் தேடுவார். அதனால்தான் இன்று வரவில்லை, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஆனால் ஒரு நல்ல சேதியும் உண்டு, புண் ஆறி வருகிறது.

எப்படி ஆறுகிறது? ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். பணம் யார் கொடுக்கிறார்கள்? தலையைக் குனியாதீர்கள் பொருளாளர் அவர்களே, சொல்லத்தான் போகிறேன். தம் சம்பளத்திலிருந்து அவர் கொடுக்கிறார். தம் வண்டியின் பின்னால் உட்கார வைத்து அவரே கூட்டிப் போகிறார். ஒரே வீட்டில் இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கட்டுப் போடும் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் கோபப்படவில்லை, பெருமைப்படுகிறேன். ஆனால் கேட்காமல் விடமாட்டேன். என் அண்ணனுக்குத் தங்கை வீட்டுக்காரர் இருக்கிறார், அவருக்கு ஈர நெஞ்சும் இருக்கிறது. டீசல் பிடிக்கும் தோழரே, உங்களுக்கு அப்படி ஒருவர் உண்டா? பேருந்தைக் கழுவி வழுக்குகிற தரையில் நின்றே பாதம் வெடித்த தாயே, உங்களுக்கு உண்டா? பயணச்சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்தே கால் வீங்கிய தங்கையே, உனக்கு உண்டா? உறவு இருந்தால் கால் பிழைக்கும், இல்லாவிட்டால் போகும் என்றால் நமக்குச் சங்கம் எதற்கு? சந்தா எதற்கு? இந்த மேடைதான் எதற்கு? ஒரு நல்ல மனிதர் தம் மச்சானுக்கு மறைவாகச் செய்கிறாரே, அதை நம் எல்லோருக்கும் வெளிப்படையாகச் செய்கிற விதியாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நின்று கேட்டவர்களுக்கும், குழந்தையை ஆட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கும், மணியை ஒரே முறையோடு நிறுத்திய தலைவருக்கும் நன்றி. தலைவர் அவர்களே, வாக்குகளை எண்ணத் தொடங்குங்கள். கீழே பார்க்கும் முன் மேடையைப் பாருங்கள். இன்று எதிர்த்துப் பேசியவரின் கை உயர்ந்திருக்கிறது.

வணக்கம்.